நாலாம் பக்கம் வரை

குளிக்கப் போய்விட்டார். தாழ்ப்பாள் விழுந்தது, குழாய் திறந்தது, வாளி நிறைகிற சத்தம். இனி முக்கால் மணி நேரத்துக்கு இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், துண்டு கேட்கிற ஒரு குரலைத் தவிர. ஐம்பத்தாறு வயசாகியும் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற பழக்கம் அவருக்கு வரவில்லை, கல்வித் தொழில்நுட்ப மையத்தின் இயக்குநர், பேராசிரியர், முனைவர் தாணுமாலயன். ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிற சுவரொட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, வடிவமைப்பு, கல்வித் தொழில்நுட்பம், மூன்று நாள் உரைத் தொடர், முதல் நாள் முதல் உரை இவருடையது, காலை பத்தரைக்கு, பல்கலைக்கழக வேந்தர் முன்னிலையில். மேலே ஒரு படம், இரும்புக் கை ஒன்று குழந்தையின் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுக்கிறது, குழந்தைக்கு ஆறு விரல். நேற்று பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது எண்ணினேன், மூடும்போது மறுபடி எண்ணினேன், ஆறுதான். வடிவமைப்புத் துறை முழுக்க உட்கார்ந்து செய்த சுவரொட்டி, ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எனக்கு மட்டும் ஏன் பட வேண்டும், என் கண்ணுக்கு இந்த வியாதியைக் கொடுத்தது சிஸ்டர் அமலோற்பவம், பாளையங்கோட்டைக் கான்வென்டில் ஒன்பதாம் வகுப்பில், ‘எழுதினவளுக்குத் தன் தப்பு தெரியாது பெண்ணே, அதனால் அடுத்தவள் நோட்டை வாங்கி வாசி’ என்று முப்பத்தாறு பேரையும் நோட்டு மாற்றி உட்கார வைத்தாள். அன்றிலிருந்து அடுத்தவர் நோட்டைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இதோ இஸ்திரி மேசையின் மேல் அவருடைய நீலக் கோப்பு, உள்ளே ஒன்பது தாள், பெரிய பெரிய எழுத்து, நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவரே அச்சடித்து வைத்தது. என்னிடம் காட்டவில்லை. சட்டையைத் தேய்க்க இடமில்லாமல்தான் கோப்பை நகர்த்தினேன். நகர்த்தும்போது திறந்துகொண்டது என்று சொன்னால் சிஸ்டர் நம்புவாளா? மாட்டாள். நான்தான் திறந்தேன்.

நாலாம் பக்கம். சட்டையின் காலரைத் தேய்த்துவிட்டு வாசித்தேன், கையைத் தேய்த்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூன்றாம் முறை நின்றுகொண்டே வாசித்தேன். எல்லாம் இங்கிலீஷ்தான், நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: என் வீட்டிலேயே எனக்கு ஒரு மாணவி இருக்கிறார், அவர் என் மனைவி, எளிய இல்லத்தரசி, உயர்கல்வியின் வாசலை மிதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை, ஒரு நாள் சமையலறையில் மாவு படிந்த விரலோடு இந்த இயந்திரத்திடம் தயங்கித் தயங்கித் தன் முதல் ஆங்கில வாக்கியத்தைக் கேட்டார், அது பொறுமையாகக் கற்றுக்கொடுத்தது, அன்று அவர் கண்களில் நான் கண்ட ஒளியே இன்று இந்த உரையாக மலர்ந்திருக்கிறது. மாவு படிந்த விரல். ஒளி. மலர்ந்திருக்கிறது. எனக்கு முதலில் கோபம் வரவில்லை, ‘தயங்கித் தயங்கி’ ஒரே வாக்கியத்தில் மிகை என்று அடிக்கக் கை பென்சிலைத் தேடியது, அதுதான் கேவலம். அப்புறம்தான் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பிக் காது வரைக்கும், சூடாக, இஸ்திரிப் பெட்டியின் ஆவி மாதிரி. எம்.ஏ. இங்கிலீஷ், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம், எம்.ஃபில். ஆய்வு பாதி எழுதி அலமாரிக்கு மேலே டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, அதை முடிக்க வேண்டிய வருஷம் இவருடைய முனைவர் பட்ட ஆய்வைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், தட்டச்சு என்றா சொன்னேன், எழுதிக்கொண்டிருந்தேன். மடியில் பாப்பா, ஆறு மாசக் கைக்குழந்தை, ஒரு கை அவளைத் தட்டிக்கொடுக்க ஒரு கை அவருடைய ஆய்வுரையைத் தட்ட. உயர்கல்வியின் வாசல். வாசலா, நான் அந்த வீட்டுக்குள் போய்க் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தவள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் கலையரங்கில் இரண்டாவது வரிசையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருப்பேன். இவர் இதை வாசிப்பார், நாற்பது பேராசிரியர்களின் மனைவிகளும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், பாவம் என்கிற அந்தப் பார்வை, பதிவாளர் வீட்டம்மா என் முழங்கையைத் தொட்டு அழுத்துவாள். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? கண்ணில் ஒளி காட்ட வேண்டுமா?

“பிரமு! ஏ பிரமு! துண்டு!”

“வாரேன்.”

கதவு அரையடி திறந்தது, சோப்பு நுரையோடு ஒரு கை, உள்ளங்கை மேலே பார்க்க. இந்தக் கையை எனக்கு இருபத்துநாலு வருஷமாகத் தெரியும், சுண்டுவிரல் கொஞ்சம் கோணல், பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடியபோது ஒடிந்து யாரும் கட்டுப்போடாமல் தானாகக் கூடியது. துண்டை வைத்தேன். “சட்டை தேச்சாச்சா?” என்றார். “தேய்க்கேன்” என்றேன். “பேன்ட்டு மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும், இன்னைக்கு வேந்தரு முன்வரிசையில இருக்காரு பாத்துக்க.” கதவு சாத்திக்கொண்டது. ஒரு வார்த்தை, இந்த மாதிரி ஒண்ணு எழுதியிருக்கு பிரமு, நீ என்ன நினைக்கே என்று ஒரு வார்த்தை அந்தக் கதவிடுக்கில் வந்திருந்தால் நான் இந்தக் கோப்பை மூடிவிட்டுப் போயிருப்பேனோ என்னவோ. கத்தி மாதிரி நிற்கணுமாம், நிற்கும்.

போன தை மாசம்தான் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “இனிமே உனக்குச் சிரமம் வேண்டாம் பிரமு, உரையெல்லாம் இந்த ஏஐயே எழுதிக் குடுத்துருது, அரை நிமிசம்.” சிரமம். இருபத்துநாலு வருஷத்துக்கும் அவர் கொடுத்த பெயர் அது. பாப்பா வேறு புனேயிலிருந்து போனில் சிரிக்கிறாள், “அம்மா, அப்பாவுக்கு நல்ல செக்ரட்டரி ஒண்ணு பிடிச்சுக் குடுத்திருக்கேன், உனக்கு ரிட்டையர்மென்ட்.” நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. எந்த உரையையும் இவர் முன்கூட்டி வாசித்துப் பார்த்ததில்லை, எழுதியது நான் என்பதால். நான் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும், மேடையில் ஏறி முதல் தாளில் தொடங்கிக் கடைசித் தாளில் முடிப்பார், குரல் மட்டும் நல்ல குரல், கணீரென்று. ஒருமுறை கோயம்புத்தூர்க் கருத்தரங்கில், தொண்டை கட்டியிருந்தது என்று மூன்றாம் பக்கத்து நடுவில் ‘இங்கே நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவும்’ என்று எழுதியிருந்தேன். அதையும் வாசித்தார். கணீரென்று. அரங்கம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல், ஏதோ நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள், இவரும் சமாளித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்து என்னைத்தான் திட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற அந்தச் சுகத்தை இவருக்குப் பழக்கியது நான்தான். இப்போது அதே சுகத்தை அப்படியே கொண்டுபோய் அந்த இயந்திரத்தின் காலடியில் வைத்துவிட்டார், வைத்தவருக்கு அது பிரமநாயகி இல்லை என்பது தெரியவில்லை. அது இரண்டாம் நாள் ரசத்தைக் கூட இன்று வைத்தது என்று சத்தியம் பண்ணும்.

பண்ணியும் இருக்கிறது. இரண்டாம் பக்கம். நாலைப் படித்த கையோடு முதலிலிருந்து வாசித்தேன், பழக்கதோஷம், வரிக்கு வரி விரல் வைத்து. இரண்டாம் பக்கத்தில் என் விரல் நின்றது, அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, எத்தனாவது என்று தெரியவில்லை. இங்கே எல்லா உரைக்கும் ஒரு முறை உண்டு, குத்துவிளக்கு, இறைவணக்கம், அப்புறம் பேசுகிறவர் நிறுவனரை நினைவுகூர்ந்து நாலு வரி சொல்ல வேண்டும், எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள், அப்புறம்தான் பேச்சு. நிறுவனர் கே. வைரவநாதன், கந்தசாமி மகன், செத்துப் பதினெட்டு வருஷம். அவர் மகன் குலசேகரன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள், நம் பக்கத்தில் வேறெப்படி வைப்பார்கள், என் மகளுக்கும் மாமியார் பெயர்தான் காந்திமதி, மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று பெற்ற பிள்ளையை நான் இருபத்துமூன்று வருஷமாகப் பாப்பா பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆக பேரனும் வைரவநாதன், குலசேகரன் மகன், இங்கிலீஷில் எழுதினால் தாத்தாவுக்கும் கே, பேரனுக்கும் கே. அந்தப் பேரன்தான் இன்றைய வேந்தர், நாற்பத்தாறு வயசு, கறுத்த தாடி, தினம் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர். இந்த ஊரில் காய்கறிக்காரிக்குக் கூடத் தெரியும் எது தாத்தா எது பேரன் என்று. இயந்திரத்துக்குத் தெரியவில்லை, இரண்டு பேரையும் பிசைந்து ஒரே உருண்டையாக்கிவிட்டது. நம் அன்புக்குரிய வேந்தர் கே. வைரவநாதன் அவர்கள் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்தார், ஓட்டத்தில் அவர் கொண்டிருந்த ஆர்வத்தை மறக்க முடியாது, அவரது ஆன்மா இளைப்பாற ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

எழுந்து நிற்போம். நான் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன், சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர், அடி பாவி இயந்திரமே. ஐயோ அந்தக் காட்சி. இவர் கணீரென்று வாசிக்க, முன்வரிசையில் தாடிக்காரர் உயிரோடு உட்கார்ந்திருக்க, எழுந்து நிற்பதா வேண்டாமா என்று அறுநூறு பேர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து. பெயருக்கு முன்னால் ‘மாண்புமிகு’ விட்டுப்போனதற்காகப் போன வருஷம் வேதியியல்காரர் ஒருத்தரை ஆண்கள் விடுதிக் காப்பாளராகப் போட்டார் அந்த மனுஷர், இன்னும் ராத்திரி பத்து மணிக்குப் பையன்களைத் தலையெண்ணிக்கொண்டிருக்கிறார் அந்தப் பாவம். உயிரோடு இருக்கிறவரைக் கொன்றால் என்ன செய்வார்? ஜூனில் பதிவாளர் பதவி காலியாகிறது, அதற்குத்தான் இந்த உரை, இந்தச் சட்டை, இந்தக் கத்தி மடிப்பு எல்லாம், அந்தப் பதவி அந்த ஒரு நிமிஷ மௌனத்திலேயே அடக்கம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். அதுதான் இதில் இருக்கிற ருசி, நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கோப்பை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தேங்காய்த் துருவி, சட்னி அரைத்து, பட்டுச் சேலை கட்டி, இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். உயர்கல்வியின் வாசலை மிதிக்காத எளிய இல்லத்தரசிக்கு என்ன தெரியும், எது தாத்தா எது பேரன்? வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவும் முடியாது, நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்க முடியாது, எனக்குத்தான் சிரமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே.

குழாய் நின்றது. மறுபடி திறந்தது. பாடத் தொடங்கிவிட்டார், பாதி வரி தெரியும், மீதிக்கு முனகல், பாட ஆரம்பித்தால் இன்னும் கால் மணி. எழுந்து குக்கரை அணைத்தேன். ஒரு விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நாலாம் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் விட்டாரா, வாசிக்காமலே விட்டாரா? வாசிக்கவில்லை என்றால் சோம்பேறித்தனம், அது எனக்குப் புதுசு இல்லை. வாசித்திருந்தால்? வாசித்து, நல்லாத்தான் இருக்கு, அவ அங்க உக்காந்து கேக்கட்டும் என்று நினைத்திருந்தால்? இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுக்க முடியாது, சிஸ்டரே கொடுக்க மாட்டாள். மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கடவுச்சொல் அவருடைய அம்மா பெயர், அதைச் சொல்லத்தான் கூடாது, தட்டலாம். திறந்தேன். அவரும் இயந்திரமும் பேசிக்கொண்டது முழுக்க அப்படியே இருக்கிறது, ஒரு தனி வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. உரை கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறது. மனதைத் தொடுகிற மாதிரி சொந்த அனுபவம் ஒன்று சேர் என்று கேட்டிருக்கிறார், உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அது பணிவாகக் கேட்டிருக்கிறது. அதற்கு அவர் தட்டிய பதில், இலக்கணமும் இல்லாமல், மனைவி, வீட்டில் சும்மா இருக்கிறார். அவ்வளவுதான். நான்கு வார்த்தை. பெயர் கூட இல்லை. மீதி ஒளியையும் மாவையும் அது தன் கைக்காசைப் போட்டுச் செய்திருக்கிறது. அதற்கும் கீழே, கடைசியாக, நேற்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு அவர் எழுதியிருக்கிறார்: மிக அருமை, மிக்க நன்றி, நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்.

அதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியவில்லை. நேற்று ஆறு நாற்பதுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன், கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்துநாலு வருஷம், இருநூறு உரை இருக்கும், ஆய்வுக் கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், அவர் அக்கா மகன் வேலைக்கு விண்ணப்பம், இரங்கல் செய்திகள் கூட, ஒரு நன்றி உண்டா. ‘முடிஞ்சுதா?’ என்பார். முடிஞ்சுதா என்பதுதான் இந்த வீட்டில் நன்றிக்குப் பெயர். அந்த உலோகத்துக்கு, அந்த மின்சாரத்துக்கு, மிக அருமையாம். மடிக்கணினியைப் படாரென்று மூடப்போனேன், மூடவில்லை. அப்போது ஏனோ அந்தப் பழைய சாயங்காலம் வந்து குறுக்கே நின்றது, வேண்டாத நேரத்தில் வருகிற விருந்தாளி மாதிரி. கல்யாணமான புதுசு, என் அண்ணன் வீட்டில் விருந்து, என் கான்வென்டுத் தோழிகள் இரண்டு பேர், இவர் ஏதோ ஒரு இங்கிலீஷ் வார்த்தையை அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி சொன்னார், நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், அவர் குரலிலேயே. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அப்புறம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே, “நீ எழுதிக் குடு, நான் வாசிச்சுக்கிடுதேன்” என்றார். ஆரம்பம் அங்கேதான். அப்படியானால் இருபத்துநாலு வருஷமும் அவர் என்னிடம் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றாரா, அடிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டுகிற பையன் மாதிரி? அவரே எழுதிப் பார்த்தவற்றில் சிவப்புப் பென்சிலால் நான் போட்ட கோடுகள். இதுகூடத் தெரியாதா என்று ஓரத்தில் எழுதினவை. அது சிரிக்காது. அந்த இயந்திரம் அவரைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காது, அதனால்தான் மிக்க நன்றி. சரி. ஒத்துக்கொள்கிறேன். நான் சிரித்தேன். ஆனால் ஒரு சிரிப்புக்கு இருபத்துநாலு வருஷம் வட்டி கட்டியாயிற்று, அசலுக்கும் மேலே, இனிமேல் மாவு படிந்த விரலையும் சேர்த்துக் கட்ட முடியாது. இரக்கம் வந்தால் வரட்டும், வந்து ஒரு ஓரமாக உட்காரட்டும்.

உரையைத் திறந்தேன். முதலில் இரண்டாம் பக்கம். பேரனைப் பிழைக்க வைத்தேன், தாத்தாவைச் சாகவிட்டேன், மாண்புமிகு சேர்த்தேன், எழுந்து நிற்பதை எடுத்தேன். கருணை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் பக்கத்திலேயே இவர் கவிழ்ந்துவிட்டால் அப்புறம் நாலாம் பக்கத்தை யார் கேட்பார்கள்? நாலாம் பக்கம் வரை இவர் உயிரோடு வந்து சேர வேண்டும், நல்ல குரலோடு, நல்ல மதிப்போடு, அரங்கம் முழுக்கக் கவனிக்கும்படியாக. மாவையும் ஒளியையும் அழித்துவிட்டு அவர் குரலில் எழுதினேன், அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு: நண்பர்களே, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இதுவரை இந்த மேடையில் நான் வாசித்த ஒவ்வொரு சொல்லையும் எழுதியவர் என் மனைவி பிரமநாயகி, இந்த ஒரு உரையை மட்டும் இயந்திரம் எழுதியது, அது அவரைப் படிக்காதவர் என்றது, உயிரோடு இருக்கிற ஒருவரை இறந்தவர் என்றது, நான் இரண்டையும் பார்க்கவில்லை, பார்த்தவர் அவர். விறுவிறுவென்று வந்தது, பத்து வரி, ஒரு அடித்தல் இல்லை. வாசித்துப் பார்த்தேன். எழவு, நன்றாக வேறு வந்திருந்தது. ஒன்பது பக்கத்திலும் நல்ல பத்தி அதுதான். அங்கேதான் எனக்கு உறைத்தது. இதை அவர் அந்தக் குரலில் வாசித்தால் என்ன நடக்கும்? கைதட்டுவார்கள். எழுந்து நின்று தட்டுவார்கள். என்ன அடக்கம், என்ன பெருந்தன்மை, மனைவியை மேடையில் வைத்துப் பேச எத்தனை ஆம்பிளைக்கு மனசு வரும் என்று பதிவாளர் வீட்டம்மா கண்ணைத் துடைப்பாள், வேந்தர் கைகொடுப்பார், ஜூனில் பதவி. நான் இருநூற்று ஒன்றாவது உரையையும் எழுதிக் கொடுத்தவளாவேன். அவரைக் குத்த எடுத்த கத்திக்கு நானே கைப்பிடி போட்டு அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நான் எழுதுகிற எதுவும் அவர் வாய்க்குள் போய்விட்டால் அவருடையதாகிவிடுகிறது. சபித்தால் கூட அவர் சபித்ததாகத்தான் போகும்.

பாட்டு நின்றது. சொம்பு வாளியில் மோதுகிற சத்தம், கடைசித் தண்ணீர். அப்படியானால் அவர் வாய்க்குள் போகாத ஒன்று. பத்து வரியையும் அழித்தேன், வெறும் வெள்ளைப் பக்கம், துடிக்கிற கோடு மட்டும், அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஐம்பது வயசில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு வெள்ளைப் பக்கம். இரண்டே வாக்கியம் தட்டினேன். இந்த இயந்திரம் எங்கே தவறும் என்பதை அதைத் திருத்தியவர்தான் சொல்ல வேண்டும். என் மனைவி திருமதி பிரமநாயகி, எம்.ஏ., இப்போது மேடைக்கு வந்து உங்களோடு பேசுவார். அவ்வளவுதான், நாலாம் பக்கத்தில் வேறொன்றும் இல்லை, பெரிய எழுத்தில், நடுவில். அறுநூறு பேர் காதில் விழுந்த பிறகு அவர் அதை எங்கே விழுங்க முடியும்? எனக்குத் தாள் வேண்டாம். இருபத்துநாலு வருஷம் அடுத்தவர் குரலில் எழுதினவளுக்குத் தன் குரலில் பேச என்ன தாள். பயமாக இல்லையா? இருக்கிறது, மேடையில் போய் வாய் அடைத்துவிட்டால், திக்கிவிட்டால், தயங்கித் தயங்கி. அடைத்தால் அது என் வாய், அடைக்கட்டும். அச்சுப்பொறியைத் தட்டினேன், அது கரகரவென்று இருமத் தொடங்கியது, ஊரைக் கூட்டுகிற சத்தம், ஓடிப்போய் மிக்ஸியில் தேங்காயைப் போட்டுத் திருகினேன், மூடியைப் பிடித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பித் தாள் வருகிறதா என்று பார்த்தேன்.

“பிரமு, அங்கன என்ன சத்தம்?”

“சட்னி!”

“ரெண்டு சத்தம் கேக்கே?”

“கெட்டிச் சட்னி!”

இரண்டு தாளும் வந்தன. பழைய இரண்டையும் எடுத்து மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன், வேந்தர் பார்க்க விரும்பினால் காட்டலாம், புதுசைச் செருகினேன், ஒன்பது தாளையும் தட்டிச் சமமாக்கிக் கோப்பை மூடினேன். தாழ்ப்பாள் திறந்தது. இடுப்பில் துண்டு, தலை சொட்டச் சொட்ட வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தார், பேன்ட் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். சாம்பிராணி மாதிரி சோப்பு வாசனை. முகம் வெளுத்துத்தான் இருந்தது, உள்ளுக்குள் பயந்திருக்கிறார், எனக்குத் தெரியாதா, உரைக்கு முந்தி அவருக்கு எப்போதும் வலது கண் துடிக்கும், துடித்தது. அதைப் பார்த்ததும் ஓரமாக உட்கார்ந்திருந்த இரக்கம் எழுந்து நின்றுவிட்டது. சரி, ஒரு வாய்ப்பு, ஒன்றே ஒன்று, பிற்பாடு யாரும் என்னைப் பேசக்கூடாது.

“என்னங்க, கோப்பு இங்கன இருக்கு. கெளம்புதுக்கு முந்தி ஒருதரம் வாசிச்சுப் பாத்துருங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாத்தான். இன்னும் நேரம் கெடக்குல்லா. நாலாம் பக்கத்தை மட்டுமாவது.”

அவர் என்னைப் பார்த்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. “அது உன்ன மாதிரி இல்ல பிரமு, தப்பே விடாது. தலைய துவட்ட வேற துண்டு இருக்கா?”

இருந்தது, கொடுத்தேன். இட்லியைச் சாப்பிட்டார், சட்னி கெட்டியாக இருக்கிறது என்றார், நான் உள்ளே போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன், மாம்பழ நிறப் பட்டு, கொசுவத்தை நன்றாக உயர்த்திக் குத்தினேன், படியேறும்போது தடுக்கக்கூடாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கோப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றவர் கேட்டார்:

“முன்னால பொம்பளையளுக்கு ரெண்டாவது வரிசையில எடம் போட்டிருக்காவளாம். உனக்கு நடுவுல சொல்லட்டா, நல்லாத் தெரியும்?”

“வேண்டாம். ஓரத்துல போதும்.”

“ஏன், பாதியில எந்திரிச்சுப் போப்போறியா?”

“போகமாட்டேன்” என்றேன், “எந்திரிப்பேன்.”